வேலாமரத்துக்கு வைத்த புதுப் பெயர்

என் கையெழுத்தில், கல்லூரி முத்திரையோடு, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் நான் எழுதிய ஒரு கடிதம் பதினான்கு மரங்களைச் சாய்த்துவிட்டது. மரங்களைக் காப்பாற்றத்தான் அதை எழுதினேன். யாரிடமாவது இதைச் சொன்னால், "அடப் பாவமே, உங்க மேல என்ன தப்பு?" என்கிறார்கள். அந்த ஆறுதலைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் மேல் தப்பு இருக்கிறது. என் மேல் மட்டும் இல்லை என்பதும் தெரியும். யார் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷமாகத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே. உடுமலை என்றதும் எல்லாரும் தென்னந்தோப்பையும் அணைத் தண்ணீரையும் நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். எங்கள் பக்கம் மேய்ச்சல் காடுதான். கொரங்காடு என்போம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்ளைப் பட்டையோடு வேலாமரம்.

புத்தகத்தில் இதற்கு வெள்வேலம் என்று பெயர். ஊரில் வேலா, அழுத்திக் கேட்டால் வெள்ளவேலா. அழகான மரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோணல்மாணலாக வளரும், முள் இருக்கும், மழைக்காலத்தில் வெளிறிய மஞ்சளில் பொடிப்பொடியாகப் பூக்கும். அதன் பட்டையைப் போட்டுத்தான் ஒரு காலத்தில் சாராயத்துக்கு ஊறல் போட்டார்கள். என் சித்தப்பா ஒருவருக்கு அந்த மரத்தின் மேல் இருந்த மரியாதைக்கு வேறு காரணம் கிடையாது. ஆனால் ஆடு வைத்திருப்பவர்களுக்கு வேறு காரணம் உண்டு. மாசி, பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து தரை வெறும் மண்ணாகும்போது இதன் காய் பழுக்கும். தொரட்டியைக் கொப்பில் மாட்டி ஓர் உலுக்கு உலுக்கினால் போதும், எங்கோ நிற்கிற ஆடுகள் எல்லாம் ஓடிவரும். அந்த மூன்று மாதமும் ஆட்டைப் பட்டினி போடாமல் தாக்காட்டுவது அந்தக் காய்தான்.

அதை நம்பி இருபது ஆடு வைத்திருந்தவர் எங்கள் ஊரில் ஒரு பெண். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் காட்டில் வேலை செய்தவர்கள். அவரும் செய்திருக்கிறார். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் ஆடுதான் அவருக்குச் சோறு. முன்பெல்லாம் யார் கொரங்காட்டிலாவது கேட்டுக்கொண்டு மேய்ப்பார். இப்போது கொரங்காடு எங்கே இருக்கிறது? ஒருவர் காற்றாலைக்குக் கொடுத்துவிட்டார், இன்னொருவர் கோழிப்பண்ணை போட்டுவிட்டார். என் அண்ணன் எங்கள் காட்டைச் சூரிய மின்சாரக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டான். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டார்கள், அதில் ஆடு தலைவிடக்கூட இடமில்லை. நான் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. என் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

கடைசியில் அவருக்கு மிஞ்சியது ஊர்க் குட்டைக்கரை. புறம்போக்கு, யாருக்கும் சொந்தமில்லை. அதில் வரிசையாகப் பதினான்கு வேலாமரம் நின்றன.

போன வருஷம் தை மாதம், குட்டைகளிலும் கரைகளிலும் நிற்கிற சீமைக்கருவேலத்தை ஒட்டுமொத்தமாக எடுக்கச் சொல்லி ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. நல்ல காரியம்தான். சீமைக்கருவேலம் எங்கிருந்தோ வந்து நம் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு நிற்கிற சனியன். அதை ஒழிக்க வேண்டும் என்று நானே வகுப்பில் மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். ஆனால் வந்த ஆட்களிடம் சிவப்புப் பெயின்ட் டப்பா இருந்ததே ஒழிய, எது எந்த மரம் என்று பார்க்கிற கண் இல்லை. முள் இருந்தால் ஒரு வட்டம். பதினான்கு வேலாமரத்திலும் வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர் எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, நாந்தானுங்க. குட்டைல நிக்கற வேலாவுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சுப்போட்டாங்க. வெட்டப்போறாங்களாமுங்க. இது சீமையில்லீங்கன்னு சொன்னா, எழுதிக் குடுக்கற ஆளுகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கறாங்க. நீங்க மரத்தப் பத்திப் படிச்சவங்க. ஒரு வார்த்த எழுதித் தந்தீங்கன்னாப் போதுமுங்க."

"நீ கவலப்படாத. ஞாயித்துக்கெழம வாரேன்," என்றேன்.

போனேன். மரத்தைச் சுற்றி வந்து, பட்டையைக் கிள்ளி, இலையை எண்ணி, முள்ளைப் பார்த்தேன். இத்தனைக்கும் அவசியமே இல்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த மரம். ஆனாலும் நிபுணர் என்று கூப்பிட்டுவிட்டார்கள் அல்லவா, நிபுணர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மிதப்பு. கொப்பில் பச்சைக் காய் கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் பழுத்துவிடும் என்றார் அவர்.

கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து கல்லூரித் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வேலாமரம்னு எழுதிப்போடுங்க அம்மணி. அந்த ஆபீசரும் இந்தப் பக்கத்து ஆளுதானுங்க. வேலான்னாப் புரிஞ்சுக்குவாரு."

"வேலான்னு எழுதினாத்தான் கொழப்பம்," என்றேன். "கருவேலாவையும் வேலாங்கறாங்க, சீமையையும் வேலாங்கறாங்க. ஒடைவேலாவும் வேலாதான். நாளைக்கு ஒருத்தன் எல்லாம் ஒண்ணுன்னு வெட்டிருவான்."

"அப்ப வெள்ளவேலான்னு போடுங்க."

"வேண்டாம். உலகம் பூராப் புரியற பேராப் போடறேன். அதுல தப்பே வராது."

'படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அவர் நினைத்திருப்பார். கரையில் நிற்பது இன்ன மரம் என்ற ஒரே வரியில், நான் தமிழில் ஒரு பெயர்கூடச் சேர்க்காமல், தாவரவியல் பெயரை மட்டும் எழுதி அடியில் கோடு போட்டேன். எந்தப் பெயரை? புதுப் பெயரை. வாச்செல்லியா.

இந்த இடத்தில் அந்தப் பெயரின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தானாக ஏறும். என் மாணவிகளுக்கு அது பழக்கம்.

ரொம்ப காலமாக இந்த மரமெல்லாம் அக்கேசியா என்ற பேரினத்துக்குள் இருந்தது. அந்தப் பெயர் பழைய கிரேக்கத்திலிருந்து வந்தது. முள், கூர் என்று பொருள்படுகிற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நைல் நதிப் பக்கத்தில் நின்ற ஒரு முள்மரத்துக்கு மருந்து செய்கிறவர்கள் சொல்லிவந்த பெயர். அந்த மரம் வேறு எதுவும் இல்லை, நம் கருவேலம்தான். பிறகு ஐரோப்பாக்காரர்கள் கப்பல் ஏறி உலகத்தைச் சுற்றிவந்தபோது, பஞ்சை உருட்டி வைத்த மாதிரிப் பூத்த மரத்தையெல்லாம் அதே பெயருக்குள் போட்டு அடைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்குப் பக்கமாக அப்படி மரங்கள் கிடைத்தன. பின்னால் வந்தவர்கள் மரபணுவைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரே பேரினம் இல்லை, பிரிக்க வேண்டும் என்றார்கள். பிரிக்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. பிரித்த பிறகு பழைய பெயர் யாருக்கு என்பதில்தான் சண்டை.

விதி தெளிவாக இருந்தது. ஒரு பேரினத்துக்கு மாதிரியாக எந்த மரத்தை வைத்திருக்கிறார்களோ, பெயர் அந்த மரத்தோடு போகும். மாதிரியாக இருந்தது கருவேலம். வெள்வேலம் அதன் பங்காளி. ஆகவே பெயர் எங்களுக்கு, ஆப்பிரிக்காவுக்கு, முள்ளோடு நிற்கிற மரங்களுக்கு. ஆஸ்திரேலியாவின் பக்கம் நின்றவர்கள் சொன்னது வேறு: எங்களிடம்தான் இனங்கள் அதிகம், இத்தனைக்கும் பெயரை மாற்ற முடியாது, அதனால் மாதிரி மரத்தையே மாற்றிவிடுங்கள். ஐரோப்பாவில் நடந்த ஒரு மாநாட்டில் இதை ஓட்டுக்கு விட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மாற்றக் கூடாது என்றார்கள். பாதிக்கு மேல் போதாது, இன்னும் கூடுதலாக வேண்டும் என்று ஒரு விதியைக் காட்டி, பெயரைத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். அந்த நாட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. முள்ளில்லாத மரத்துக்கு முள் என்று பெயர், முள்ளோடு நிற்கிறதற்கு வேறு பெயர். இதற்குப் பெயர் அறிவியல்.

அந்த வேறு பெயர்தான் வாச்செல்லியா. சீனாப் பக்கம் செடி சேகரித்த ஒரு பாதிரியாரின் பெயரிலிருந்து செய்தது. அவர் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. வெள்வேலத்தைப் பார்த்தாரா, அதன் காயை ஆடு தின்பது தெரியுமா, எதுவும் தெரியாது. இப்போது எங்கள் குட்டைக்கரை மரத்தின் தலையில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

செய்தி வந்த நாளில் ஆசிரியர் அறையில் நான் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டதாம். நம் மரத்தின் பெயரைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள், ஒருத்தரும் கேட்கவில்லையே என்று கத்தினேன். எல்லாரும் டீயைக் குடித்துக்கொண்டே, "ஆமாங்க மேடம், அநியாயந்தானுங்க," என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து மரியாதை அப்படி. உங்களை ஒருவர் கிணற்றில் தள்ளுவதாக இருந்தாலும், "சித்த அக்கட்டால தள்ளி நில்லுங்க" என்று 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்.

ஆனால் அதற்கப்புறம் நான் என்ன செய்தேன்? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அடுத்த கோடை விடுமுறை முழுக்கக் கல்லூரியின் உலர்செடித் தொகுப்பறையில் உட்கார்ந்து, அலமாரி அலமாரியாகப் பழைய பெயர்களுக்கு மேல் புதுப் பெயர்ச் சீட்டு ஒட்டினேன். யாரும் என்னை ஒட்டச் சொல்லவில்லை. பெயரைப் பறித்துவிட்டார்கள் என்று முதலில் கூச்சல் போட்டதும் நான்தான். யாராவது பழைய பெயரைச் சொன்னால் முதலில் திருத்தியதும் நான்தான். பரீட்சைத் தாளில் ஒரு பெண் பழைய பெயரை எழுதியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். "அதெல்லாம் போச்சும்மா, புதுசு தெரியணும்," என்று அவளிடம் சொன்ன ஞாபகம்கூட இருக்கிறது. நம்மை மிதித்தவனின் விதியை நம்மைவிடச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறவர்கள் யாரும் இல்லை. எனக்கு என் மேல் வருகிற கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

ஆகவே அன்றைக்கும் குட்டைக்கரையில் உட்கார்ந்து புதுப் பெயரையே எழுதினேன். அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல் ஒரு துணிக்கடைப் பையில் வைத்து, மறுநாளே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு முத்திரை போட்டுக்கொடுத்தார்கள் என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். நானும் என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மாசி பிறந்த முதல் வாரம், நான் பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். மத்தியானம் வந்து எடுத்தால் அவரிடமிருந்து ஒன்பது அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டேன். போனை எடுத்தார். பின்னால் மரம் அறுக்கிற மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உடுமலை பஸ் பிடித்தேன். கிணத்துக்கடவில் டிக்கெட் பரிசோதனைக்கு வண்டியை நிறுத்தினார்கள். இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடி எங்கே போவது? பொள்ளாச்சியில் இன்னொரு அரை மணி நேரம் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதினான்கும் கீழே கிடந்தன. வெட்டின இடம் ஒவ்வொன்றும் இரத்தச் சிவப்பு. அந்த மரத்தின் உள்கட்டை நிறமே அப்படித்தான், ஆனாலும் பார்க்க முடியவில்லை. பழுக்காத காய் அத்தனையும் தரையில். ஆடுகளுக்கு மட்டும் அன்றைக்கு விருந்து. எட்டாத உயரத்தில் இருந்த தழையெல்லாம் வாய்க்குக் கீழே வந்துவிட்டது அல்லவா, கிளைகளுக்குள் புகுந்து ஆனந்தமாகக் கடித்துக்கொண்டிருந்தன. அவர் தொரட்டியைத் தரையில் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்க குடுத்த காயிதத்தக் காட்டுனனுங்க. பாத்தாங்க. பாத்துப்போட்டுத்தான் வெட்டுனாங்க," என்றார்.

எனக்கு அது விளங்கவே இல்லை. கடிதத்தைப் பார்த்துவிட்டு வெட்டினார்களா? நேராக அலுவலகத்துக்குப் போனேன்.

பொறுப்பில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னை உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். டீ வேண்டாம் என்றேன். என் கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் வெட்டக் கூடாத நாட்டு மரங்களின் பட்டியல் ஒன்று.

"இந்தப் பட்டியலப் பாருங்க மேடம். ஒம்பதாவது இருக்குதுங்களே, வெள்வேல். அதுக்கு நேரா அக்கேசியான்னு மட்டும் போட்டிருக்குதுங்க. நீங்க எழுதுனது வாச்செல்லியா. அது பட்டியல்லயே இல்லீங்க."

"ரெண்டும் ஒண்ணுதாங்க! பேரை மாத்திட்டாங்க!"

"அது எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? தெரியாம வெட்டக் கூடாதுன்னு போன்லகூட அடிச்சுப் பாத்தனுங்க. வாச்செல்லியான்னு அடிச்சா ஆப்பிரிக்காப் படமா வருதுங்க. ஒட்டகச்சிவிங்கி நின்னு தின்னுட்டு இருக்குது. சரி, வெளிநாட்டு முள்ளுதானாட்ட இருக்குதுன்னு முடிவு பண்ணிப்போட்டமுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "நீங்க எந்த ஊருங்க?"

பக்கத்துக் கிராமத்தைச் சொன்னார்.

"உங்க தோட்டத்துல வேலாமரம் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஏழெட்டு நிக்குது."

"அப்பக் குட்டைல நின்னது வேலாமரம்னு உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு பொய் சொல்லாமல் சொன்னார். "தெரிஞ்சுதுங்க மேடம். போய்ப் பாத்தப்பவே இது வேலாவாச்சேன்னுதான் நெனச்சனுங்க. அந்தம்மாவும் அதத்தான் சொல்லுச்சு. ஆனா காலேஜ்ல இருந்து நீங்களே வேற மரம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. படிச்சவங்க எழுதுனதுக்கு மேல நான் என்னங்க சொல்றது? தமிழ்ல ஒரே ஒரு வார்த்த வெள்வேல்னு போட்டிருந்தீங்கன்னா, நிறுத்திருப்பனுங்க."

அதற்குப் பிறகு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. ஏதோ மாநாட்டைத் திட்டினேன், பட்டியல் போட்டவரைத் திட்டினேன், சொந்தக் கண்ணை நம்பாதவனுக்கு எதற்கடா கண் என்று அந்த மனிதரையும் திட்டினேன். பக்கத்து அறைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வசவும் அவரைத் தாண்டிப் போய்த் திரும்பி என் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "தப்பு நடந்துபோச்சுங்க மேடம். பதிலுக்குப் பதில் அதே எடத்துல கன்னு வெச்சுக் குடுத்தர்றோமுங்க. எழுதி வேணும்னாலும் தர்றனுங்க," என்றார். எழுதித் தருவது என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். எழுந்து வந்துவிட்டேன்.

வெட்டிய கட்டைகளை இரண்டே நாளில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளைகளில் இருந்த தழை ஒரு வாரத்துக்கு வந்தது. பங்குனி பாதியில் அவர் பாதி ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார். மீதியைத் தென்னந்தோப்புகளில் கெஞ்சிக் கூத்தாடி ஓலையும் களையும் வாங்கிப்போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவர் சொல்லித் தெரியவில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. நான் போன் செய்தால், "நல்லாருக்கறனுங்க அம்மணி, நீங்க நல்லதுக்குத்தானுங்க எழுதுனீங்க," என்பார். நான்கு வசவு வைதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த 'ங்க' என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை.

பங்குனி கடைசியில் அந்த அதிகாரி கூப்பிட்டார். குட்டைக்கரையில் கன்று நடுகிறோம், நீங்கள்தான் முதல் கன்றை வைக்க வேண்டும் என்றார். பங்குனி வெயிலில் கன்று நடுகிற அறிவு அலுவலகங்களுக்குத்தான் வரும். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரே என்று போனேன்.

குழி எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். அண்ணன் வந்திருந்தான், ஊரில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், ஒருவர் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். கருப்புப் பையில் இருந்த கன்றை என் கையில் கொடுத்தார்கள். முழங்கால் உயரம்தான். வெயிலில் கண் கூசியது. குனிந்து பையைக் கிழித்து, குழிக்குள் வைத்து, மண்ணைத் தள்ளி, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினேன். நிமிர்ந்து போட்டோவுக்கு நின்றபோதுதான் கன்றை ஒழுங்காகப் பார்த்தேன். வேலாவின் பொடி இலை இல்லை. நீள நீளமாக, அரிவாள் மாதிரி வளைந்த இலை. அதுகூட இலை இல்லை, காம்புதான் தட்டையாகி இலை மாதிரி நிற்கும். ரோட்டோரங்களில் நிழலுக்கு வைப்பார்களே, அந்த ஆஸ்திரேலிய மரம். கன்றில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. அக்கேசியா என்று எழுதியிருந்தது.

"பட்டியல்ல இருக்கற அதே பேராப் பாத்து நர்சரியில வாங்கியாந்தமுங்க மேடம். இந்தத் தடவ தப்பே இல்லீங்க," என்றார் அதிகாரி. அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆட்டுக்காரப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மிச்சமிருந்த ஆடுகள் பின்னால் வந்தன.

"இது என்ன மரமுங்க அம்மணி?"

"அக்கேசியா."

"வேலாங்களா?"

"வேலா இல்ல. முன்னால வேலாவுக்கு இருந்த பேரு. இப்ப இதுக்குக் குடுத்துட்டாங்க."

"அந்தப் பேரத்தான் அன்னிக்கு எழுதுனீங்களா?"

"இல்ல. அன்னிக்கு எழுதினது வேலாவுக்கு வெச்ச புதுப் பேரு."

அவர் என்னையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வெள்ளாடு வந்து அந்த இலையில் மூக்கை வைத்தது. ஒரு தடவை தும்மிவிட்டு, வாய் வைக்காமல் போய்விட்டது. மற்றவை அந்தப் பக்கமே வரவில்லை.

"ஆடு பேரையாடி திங்கும்?" என்றார் அவர்.

போட்டோ எடுத்தவர் போனைக் கீழே இறக்கினார். நானும் அவரும் ஒரே வயது. அஞ்சாவது வரைக்கும் ஒரே பள்ளிக்கூடம். இத்தனை வருஷத்தில் நான் அவரை 'வா, போ' என்றே பேசியிருக்கிறேன், அவர் ஒருநாளும் 'ங்க' இல்லாமல் என்னிடம் பேசியதில்லை. அவர் வீட்டிலிருந்து யாரும் எங்கள் வீட்டு ஆளிடம் இப்படிப் பேசி எங்கள் ஊர் கேட்டதே இல்லை. அண்ணன் முகம் சிவந்து, "ஏய்," என்று அவரைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான்.

"நீ வாயை மூடு," என்று அவனிடம் சொன்னேன். "கேட்டது என்னைய."

இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பெயர்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் வாயில் வரவில்லை. அதிகாரி, "மேடம், அடுத்த கன்னுங்க," என்று இன்னொரு பையை நீட்டினார். அதை வாங்கவில்லை. குனிந்து, இப்போதுதான் நட்ட கன்றை அடித்தண்டில் பிடித்து, எல்லாரும் பார்க்கப் பிடுங்கி எடுத்தேன்.